சந்தையில் கிடைத்த அக்கா

1

ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் என் அம்மா கேட்ட கேள்வியிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

"ஏட்டி, பிள்ள தெனமும் மாமா வீட்டுலதான் சோறு திங்காளாமே. மஸ்கட்டுல நமக்கு எந்த மாமாட்டி இருக்கான்? மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

சிரித்த சிரிப்பில் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பாளையங்கோட்டையில் அம்மாவின் குரலில் கவலை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்: "எம்மா, அது ஆம்பள இல்லம்மா. கீழ்வீட்டு அம்மா. அவங்க பாஷையில மாமான்னா அம்மா."

"அப்ப நீ யாரு?" என்றாள் அம்மா.

நான் சிரிப்பை நிறுத்தினேன்.

கீழ்வீட்டு அம்மாவின் பெயர் ஜுவேனா. மஸ்கட்டின் வாதி கபீர் பகுதியில், மொட்டை மலையை ஒட்டி அவருக்கு ஒரு மாடி வீடு. கீழே அவர், மேலே நாங்கள். கணவர் இறந்துவிட்டார். இரண்டு மகன்களும் நல்ல வேலையில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஜுவேனா ஓமானிதான், ஆனால் ஜன்ஜிபாரிலிருந்து திரும்பி வந்த ஓமானி. இந்த ஊர் அரபிகள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறி ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், கடை வைத்து, தோட்டம் போட்டு, அங்கேயே பெண் கட்டி வாழ்ந்தவர்கள். பிறகு அங்கே கலகம் வந்து பலர் ஓட வேண்டியதாயிற்று. இங்கே எண்ணெய்ப் பணம் வந்ததும் திரும்பினார்கள். திரும்பியவர்களின் வீடுகளில் இன்றும் சுவாஹிலிதான் பேச்சு.

கோமதிக்கு அப்போது ஒன்பது வயது. நான் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளி முடிந்தால் டியூஷன். என் கணவர் சேகருக்குப் பெரிய ஏசி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. கோடையில் இரவு பகல் கிடையாது. ஆகவே பள்ளி விட்டதிலிருந்து விளக்கு வைக்கும்வரை பிள்ளை கீழ்வீட்டில். அங்கே தேங்காய்ப்பால் சோறு, வறுத்த மீன், ஓயாத பேச்சு. மூன்று வருடத்தில் சுவாஹிலி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. வளைகுடாவில் வளரும் பிள்ளைகள் இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறார்கள் என்று எல்லாத் தாய்மாரும் அழுவார்கள். என் மகள் அதைக்கூடச் செய்யாமல் ஆப்பிரிக்காவுக்கு மாறிவிட்டாள். தூக்கத்தில் உளறுவதும் அதே பாஷை. ஜுவேனா அவளைக் கோமதி என்று கூப்பிடுவதில்லை, "ங்கோமா" என்பார். முரசு என்று அர்த்தமாம். அவள் தொண்டைக்குப் பொருத்தமான பெயர்தான்.

தமிழ் மட்டும் அவள் வாயில் தடுமாறியது. தொலைபேசியில் தாத்தாவிடம், "நீங்க எப்போ போவீங்க?" என்று ஆசையாகக் கேட்டாள். எப்போது வருவீர்கள் என்று கேட்க நினைத்தாளாம். எண்பது வயது மனிதர் என்ன நினைத்திருப்பார்?

அன்றைக்கே நானும் சேகரும் பேசி முடிவெடுத்தோம். டிசம்பரில் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கோமதியை என் அக்காவிடம் விட்டுவிட்டு வருவது. அங்கே நல்ல பள்ளிக்கூடம், சுற்றிலும் சொந்தம், வாய் நிறையத் தமிழ். இங்கே எங்களுக்குத் தெரிந்த பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் செய்திருந்தன. அக்காவுக்கும் சந்தோஷம். பள்ளியில் இடத்துக்குச் சொல்லிவைத்துவிட்டாள்.

2

அந்த வருடக் கோடை விடுமுறையில் சேகருக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்குப் போகாமல் ஏசி அறைக்குள் அடைந்து கிடந்தோம். ஒரு மாலை ஜுவேனா மேலே ஏறி வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"டீச்சர், நீயும் ங்கோமாவும் என்கூட வர்றீங்களா? டிக்கெட்டை நான் எடுக்கிறேன்."

நாங்கள் பேசுவது பாதி இந்தி, கால் அரபி, மீதி சுவாஹிலி. அதை எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

எங்கே என்று கேட்டேன். அப்போதுதான் அவர் கதை எனக்குத் தெரிந்தது.

ஜுவேனா பிறந்தது ஜன்ஜிபார் தீவில் இல்லை. அதற்கு எதிர்க்கரையில், தாங்கா என்ற துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குள் தள்ளி ஒரு கிராமத்தில். அப்பா அரபி, அங்கே கடை வைத்திருந்தவர். அம்மா அந்த ஊர்ப் பெண். அம்மாவுக்கு முதல் கணவர் மூலம் ஏற்கெனவே ஒரு மகள், மரியாமு. ஜுவேனாவுக்கு ஏழு வயதாகும்போது அப்பா கடையை மூடிவிட்டுத் தீவுக்குப் போனார். போகும்போது தன் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். சில வருடங்களில் அம்மா இறந்த செய்தி வந்தது. அதன் பிறகு செய்தியே இல்லை. தீவில் கலியாணம், கலகம், ஓட்டம், மஸ்கட், பிள்ளைகள், கணவரின் மரணம். நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

"மரியாமு உயிரோட இருக்காளா தெரியாது. இருந்தா என் முகத்துல முழிப்பாளா, அதுவும் தெரியாது. பசங்க போகாதேங்கிறாங்க. அங்கே நமக்கு யார் இருக்காங்கன்னு பெரியவன் கேக்கறான்." அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கறுத்த, அழகான கை. "அவனோட ஆபீஸ்ல எவனும் அவன் பாட்டி யாருன்னு கேக்கக் கூடாது. அவ்வளவுதான் அவனுக்கு."

சேகர் என்னைப் பார்த்தார். "போயிட்டு வாயேன்ளா," என்றார். "இங்க கெடந்து என்னத்தப் பண்ணப் போற? அந்த அம்மா நம்ம பிள்ளைக்கு மூணு வருசமா சோறு போட்டிருக்காவ."

விசா, திரும்பி வரும் அனுமதி, கம்பெனிக் கடிதம் என்று அலைந்த அலைச்சலைத் தனியாக எழுதலாம். எந்த மேசைக்குப் போனாலும் ஒரே கேள்வி: இந்தியப் பெண், ஓமானி அம்மாளோடு, தான்சானியாவுக்கு எதற்கு? தார் எஸ் ஸலாம் விமான நிலையத்தில் ஒரு படி மேலே போய்விட்டது. அதிகாரி என் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கறுப்பு அபாயா அங்கி அணிந்த ஜுவேனாவைப் பார்த்தார், "மாமா, எனக்குச் சிறுநீர் வருகிறது" என்று தங்கள் ஊர்க் குழந்தைபோலச் சுவாஹிலியில் கத்திய கோமதியைப் பார்த்தார்.

"இந்தக் குழந்தை உங்கள் இருவரில் யாருடையது?" என்றார்.

"என்னுடையது," என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

3

தாங்காவில் ஒரு சின்ன விடுதியில் தங்கி, மறுநாள் காலை ஒரு வேனை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். ஓட்டுநர் ஜுமா வாயாடி. அந்தி சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும், மழை பெய்தால் மண் சாலை வழுக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

ஊரைத் தாண்டியதும் கற்றாழைத் தோட்டங்கள் தொடங்கின. நம் ஊரில் வேலி ஓரத்தில் நிற்கிற கற்றாழையின் அண்ணன். வரிசை பிடித்து, அடிவானம்வரை. நாருக்காக வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது என்றான் ஜுமா. மண்ணைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்படியே நம் தேரிக்காட்டுச் சிவப்பு. மூன்று வருடமாகப் பாறையையும் தாரையும் பார்த்த கண்ணுக்கு அந்தச் சிவப்பும் அதன்மேல் நின்ற பச்சையும் தாங்க முடியவில்லை. ஆனைப்புளி மரங்கள் அங்கங்கே தனியாக நின்றன. பத்துப் பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத இடுப்பு. கரி மூட்டைகளைச் சைக்கிளில் ஆளுயரத்துக்கு ஏற்றிக்கொண்டு தள்ளிப் போனார்கள். நீலப் பாவாடைப் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு விளக்குமாற்றோடு நடந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பெருக்குவது அவர்கள் முறையாம். கோமதி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். வெள்ளைக்காரியும் இல்லாமல் கறுப்பியும் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை தங்கள் பாஷையில் கத்திக்கொண்டு போவதைக் கண்டு அவர்கள் விளக்குமாற்றை ஆட்டிச் சிரித்தார்கள்.

ஜுவேனா சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். நீல மலைத்தொடர் தூரத்தில் தெரிந்தபோது, "அது வலது பக்கம்தான் இருந்தது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆறு வந்தபோது கலங்கிப்போனார்.

"இங்கே பாலம் கிடையாது. படகுல கயிறு கட்டி இழுப்பாங்க. இது அந்த ஆறு இல்லை. ஜுமா, வழி தப்பிட்டே."

"மாமா, பாலம் நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே கட்டிட்டாங்க," என்றான் ஜுமா.

அதன் பிறகு வந்த ஊர் எதுவும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முதல் கிராமத்தில் விசாரித்தோம், இல்லை. இரண்டாவது இடத்தில் ஒரு கிழவர், அரபிக் கடை இருந்த ஊரா என்று கேட்டுவிட்டு மலைப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே போனால் கடை இருந்த இடத்தில் மக்காச்சோளம் அரைக்கிற மில் ஓடிக்கொண்டிருந்தது. மில்லுக்கு எதிரே ஒருவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஜுவேனா வேன் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். கோமதிதான் இறங்கிப் போய்க் கேட்டாள், மரியாமு என்று ஒருவரைத் தெரியுமா என்று.

அவர் டியூபிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்: "மரியாமுவா? இன்னிக்குச் சந்தையாச்சே. வேற எங்கே இருப்பா?"

ஜுவேனா வேனின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சைக்கிள்காரர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று எழுந்து வந்தார். ஜுவேனா அவர் பசை பூசிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

4

மாமரங்களுக்கு அடியில் சந்தை. தரையில் சாக்கு விரித்து மரச்சீனிக் கிழங்கு, வாழைத்தார், கருவாடு, பழைய துணி. பேர் கேட்டதும் நாலு பேர் ஒரே திசையில் கையைக் காட்டினார்கள். உயரமான, எலும்பு வலுத்த ஒரு பெண் தக்காளிக் குவியலுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் மஞ்சள் துணி. நம் ஊர்ச் சந்தையில் கூறு கட்டுவதுபோலத் தக்காளியைக் கூறு கூறாக வைத்திருந்தார்.

ஜுவேனா போய் எதிரே நின்றார். கறுப்பு அபாயா, கையில் தங்க வளையல்கள். பேரைச் சொன்னார். தன் பேரையும் அம்மா பேரையும் சேர்த்து.

மரியாமு நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, சரிந்திருந்த ஒரு கூறை மறுபடி அடுக்கினார். ஏதோ சொன்னார்.

"என்னட்டி சொல்லுதாவ?" என்று கோமதியின் தோளைத் தட்டினேன்.

அவள் முகம் வாடியிருந்தது. "அம்மா... அவங்க சொல்றாங்க, 'கஸ்டமரை மறைக்காதே. உட்காரணும்னா உட்கார்.'"

அவ்வளவுதான். அழுகை இல்லை, கட்டிக்கொள்ளல் இல்லை. அடுத்த ஆளுக்குத் தக்காளி அள்ளிப் போட்டார். ஆள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜுவேனா அபாயாவைச் சுருட்டிக்கொண்டு வெறும் தரையில், அக்காவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ! மரியாமு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கை சும்மா இருக்க முடியாமல் நான் கலைந்த கூறுகளை அடுக்கித் தந்தேன். நசுங்கியதை அடியிலும் நல்லதை மேலேயும் வைக்க நம் ஊர்க்காரிக்குச் சொல்லித் தர வேண்டுமா? மரியாமு அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, நசுங்கியதை எடுத்து வெளியே போட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கோமதிக்குப் பொறுமை போயிற்று. எழுந்து நின்று, "தக்காளி! தக்காளி! மரியாமு தக்காளி!" என்று சுவாஹிலியில் தொண்டை கிழியக் கூவ ஆரம்பித்தாள். சந்தையே திரும்பிப் பார்த்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாங்கவும் செய்தார்கள்.

கூட்டம் கூடியபோதுதான் அது நடந்தது. மரியாமு இருவரிடம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு முதிய பெண் குனிந்து ஏதோ கேட்டார், சுவாஹிலியில் இல்லை, அந்த ஊரின் சொந்தப் பாஷையில். ஜுவேனா பதில் சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. ஏழு வயதுக்குப் பிறகு அவர் பேசாத பாஷை. சொன்னபின் தன் வாயையே கையால் பொத்திக்கொண்டார்.

மரியாமுவின் கை தக்காளிமேல் அப்படியே நின்றது. பிறகு, பார்க்காமலேயே, அந்தச் சொல்லைத் திருத்திச் சொன்னார். ஜுவேனா திருப்பிச் சொன்னார். மரியாமு மறுபடி திருத்தினார். மூன்றாம் முறை சரியாக வந்தது போலிருக்கிறது. முதிய பெண் கைதட்டினார்.

மதியம் சாய்ந்தபோது மலைப்பக்கம் வானம் கறுத்தது. இன்னும் நாலு பெரிய கூடைத் தக்காளி மிச்சம். தார் எஸ் ஸலாமுக்குச் சரக்கு ஏற்றும் லாரிக்காரன் ஒருவன் வந்து, மொத்தத்தையும் பாதிக்கும் கீழான விலைக்குக் கேட்டான்.

"மழை வருது, மாமா. திரும்பத் தலையில தூக்கிட்டா போகப் போறே?" என்றான். ஒவ்வொரு சந்தையிலும் இதே கதைதான் என்பது மரியாமுவின் முகத்தில் தெரிந்தது. அவர் தலையசைக்கப் போனார்.

ஜுவேனா எழுந்தார். அபாயாவை இடுப்பில் செருகிக்கொண்டார். மஸ்கட்டின் மத்ரா கடைவீதியில் கணவரின் துணிக்கடைக் கல்லாவில் இருபது வருடம் உட்கார்ந்தவர் அவர். கல்லாவில் அவரை வென்றவர்கள் கிடையாது. ஜன்ஜிபாரின் சுத்தமான சுவாஹிலியில் ஆரம்பித்தார். மழை லாரிக்கும் வரும், பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்றைக்கு வேறு சந்தை இல்லை, காலி லாரியோடு நகரத்துக்குப் போனால் உன் முதலாளி உனக்கு விருந்தா வைப்பான், என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கோமதி எனக்கு மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றாள்.

லாரிக்காரனுக்குக் கோபம். "நான் இவங்ககிட்ட வியாபாரம் பேசறேன். நடுவுல நீ யாரு?"

நாற்பது வருடமாக ஜுவேனா சொல்லாத ஒரு பதில் அதற்கு இருந்தது. அதைச் சொல்ல உரிமை உண்டா என்று அவருக்கே தெரியவில்லை.

மரியாமு தரையிலிருந்து எழுந்தார். கைமண்ணைத் தட்டினார்.

"என் தங்கச்சி," என்றார். "அவ சொல்றதுதான் விலை."

லாரிக்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கிளீனரைக் கூப்பிட்டுக் கூடைகளைத் தூக்கச் சொன்னான். பக்கத்துக் கடைப் பெண்கள் போட்ட கூச்சலில் மாமரத்துக் காக்கைகள் கலைந்தன.

முதல் தூறல் விழுந்தது. மரியாமு வெறும் சாக்கை எடுத்துத் தன் தலைக்கும் தங்கை தலைக்குமாகப் பிடித்தார். ஐம்பது தாண்டிய இரண்டு பெண்கள் செம்மண் சேற்றில் ஓடினார்கள். நானும் கோமதியும் பின்னால் ஓடினோம். ஓடிக்கொண்டே மரியாமு கத்தியதைக் கோமதி பிறகு எனக்குச் சொன்னாள்.

"அந்த பஸ்ஸுக்குப் பின்னாடி ஆத்தங்கரை வரைக்கும் ஓடி வந்தேன். நீ திரும்பிக்கூடப் பாக்கலை!"

"அப்பா என் தலையை மடியில அமுக்கிப் பிடிச்சிருந்தாரு, அக்கா. உன் குரல் கேட்டுக்கிட்டே இருந்தது. கேட்டுக்கிட்டேதான் இருந்தது."

மரியாமு ஓட்டத்தை நிறுத்தினார். சாக்கு கீழே விழுந்தது. அந்த மழையில் இரண்டு பேரும் நின்ற நிலையை நான் எழுதப் போவதில்லை. பார்க்காமல் நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

5

மரியாமுவின் வீடு தகரக் கூரை போட்ட, சுண்ணாம்பு அடித்த நல்ல வீடு. தக்காளியால் கட்டியது என்றார் பெருமையாக. மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் என்று வீடு நிறைந்துவிட்டது. மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிண்டி உருட்டிய களியும், தேங்காய்ப்பால் ஊற்றிய கீரையும் வந்தன. கீரையை வாயில் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் தண்டுக்கீரையேதான். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதில் மரியாமுவுக்கு என்மேல் இருந்த நசுங்கிய தக்காளிக் கோபம் தீர்ந்தது.

வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் கல்லறை. ஜுவேனா அங்கே தனியாகப் போய்விட்டு வந்தார். வந்து உட்கார்ந்ததும் மரியாமு சொன்னார், யாரும் கேட்காமலே:

"இவளை அப்பன் பிடுங்கிட்டுப் போனான்னு ஊர் சொல்லும். அப்படி இல்லை. அம்மாதான் அனுப்பினா. தீவுல பள்ளிக்கூடம் இருக்கு, பிள்ளை செருப்புப் போட்டு நடப்பான்னு. நல்லதுக்குத்தான் அனுப்பினா. அதுக்கப்புறமும் ரொம்ப நாள் மூணு பேருக்குத்தான் களி கிண்டுவா."

கோமதி இதை எனக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். மீதியை ஜுவேனாதான் சொன்னார்.

புறப்படும்போது மழை விட்டிருந்தது. ஜுமா ஹாரன் அடித்து அவசரப்படுத்தினான். வேன் கூரையில் வாழைத்தார், காலடியில் தேங்காய், ஜுவேனா மடியில் ஒரு கோழி. கோழியை விமானத்தில் ஏற்ற முடியாது என்று எவ்வளவு சொல்லியும் மரியாமு கேட்கவில்லை. (கோழி ஜுமாவுக்குப் போயிற்று.) ஜுவேனா ஆறு வரும்வரை ஜன்னலில் திரும்பி உட்கார்ந்தே வந்தார்.

பாலத்தைத் தாண்டியதும் கோமதி என் மடியில் தலைசாய்த்தாள்.

"அம்மா, நான் டிசம்பர்ல பெரியம்மா வீட்டுல இருக்கப் போறேன்ல?"

"ஆமா மக்கா."

"நான் பெரிசா ஆகி உங்களைப் பாக்க வந்தா... நீங்களும் அந்த மாதிரி, என்னைப் பாக்காம தக்காளி விப்பீங்களா?"

அவள் தமிழில் பேசிய அவ்வளவு நீளமான வாக்கியத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஒரு பிழைகூட இல்லை. நான் அவளை இறுக்கிக்கொண்டேன்.

"நீ எங்கயும் போகலட்டி," என்றேன். அதைச் சொல்வேன் என்று எனக்கே அந்த நிமிஷம்வரை தெரியாது.

6

மஸ்கட் வந்ததும் சேகரிடம் சொன்னேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அப்பாடா," என்றார். "நீ ஆசப்படுதேன்னுதான் நான் சரின்னேன்." அக்காவுக்குத்தான் வருத்தம், ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. தமிழை நானே சொல்லித் தருவது என்று டியூஷனைக் குறைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். கோமதி இன்னமும் சில நேரம் ழகரத்தை முழுங்குகிறாள். ஆனால் தாத்தாவோடு அரை மணி நேரம் பேசுகிறாள். போன வாரம் அவருக்கே சுவாஹிலியில் நலம் விசாரிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

அங்கே நான் எடுத்த படச்சுருளை ரூவிக் கடைவீதியில் கொடுத்துக் கழுவிக் கொண்டுவந்தபோது, ஒரு படத்தை ஜுவேனாவின் பெரிய மகன் கையில் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். மரியாமு வீட்டு வாசலில் காலை நீட்டி, செம்மண் படிந்த அபாயாவோடு, அக்காவின் தோளில் சாய்ந்து அவர் அம்மா வாய் கொள்ளாமல் சிரிக்கும் படம்.

"எங்கம்மாவுக்குக் கடைவாய்ல தங்கப் பல் இருக்குன்னு எனக்குத் தெரியாது," என்றார் என்னிடம்.

மரியாமுவை வருகை விசாவில் அழைக்க ஜுவேனா விண்ணப்பித்தபோது அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். அக்கா என்கிறீர்கள், அப்பா பேர் வேறாக இருக்கிறதே. பிறப்புச் சான்று எங்கே? அம்மா பேருக்கு அத்தாட்சி எங்கே? இரண்டு பேரிடமுமே எதுவும் இல்லை. மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது முறை பெரிய மகன் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் தானே போனார். தனக்குத் தெரிந்தவர்கள் வேலை பார்க்கும் இடம். எந்தப் பேச்சு வெளியே வரக் கூடாது என்று இத்தனை வருடம் காத்தாரோ, அதைக் கூடம் நிறைந்த ஆட்களுக்கு நடுவே சத்தமாகச் சொன்னாராம்: "என் பாட்டி ஆப்பிரிக்கக் கிராமத்துக்காரி. அவருடைய மூத்த மகள் இவர். என் பெரியம்மா. பொறுப்பு நான்." கையெழுத்துப் போட்டு விசாவோடுதான் திரும்பினார்.

மரியாமு வந்த அன்று மஸ்கட்டின் ஸீப் விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக இரண்டு மகன்கள், மருமகள்கள், நான், கோமதி, டியூட்டிக்கு மட்டம் போட்ட சேகர். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் அந்த உயரம் தெரிந்தது. புதுச் செருப்பு கடித்திருக்க வேண்டும். அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பளிங்குத் தரையில் வெறுங்காலோடு, நேராக நிமிர்ந்து நடந்து வந்தார்.

பெரிய மகன் முன்னால் போய்க் குனிந்து அவர் உச்சந்தலையில் முத்தமிட்டார். மரியாமு அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "எங்கம்மா மூக்கு," என்றார். "அப்படியே எங்கம்மா மூக்கு."

அப்போது ஜுவேனா குலவை போட்டார். வளைகுடாவின் வழுவழுப்பான ஒரு விமான நிலையத்தில், சூட்கேஸ்களுக்கும் காவலர்களுக்கும் நடுவே, நாக்கைச் சுழற்றி ஓங்கி ஒரு குலவை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கோமதி சேர்ந்துகொண்டாள். ஊரைவிட்டு வந்தபின் நான் ஒருமுறைகூடக் குலவை போட்டதில்லை. இந்த ஊரில் எதற்குப் போட? என் நாக்கு மறந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். மறக்கவில்லை. மூன்று பேரும் போட்டோம். இளவயதுக் காவலர் ஒருவர் வேகமாக வந்து, என்ன ஆயிற்று என்று அரபியில் கேட்டார்.

"எங்க அக்கா வந்திருக்கா," என்று சொன்னேன், தமிழில். அவருக்கு அது புரிந்துவிட்டது.